ஜோடி பார்க்கும் கண்

“கால் சரி. கை இல்லை. தலை சுத்தமாகச் சரியில்லை.”

நடனத் தேர்வுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா சொன்னதை எங்கள் டான்ஸ் மிஸ் எனக்குச் சுருக்கிச் சொன்னபோது இவ்வளவுதான் நின்றது. அந்த அம்மா இங்கிலீஷில் நிறைய நேரம், நிறைய மரியாதையோடு பேசியிருந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விரல் தடவியது. ஷூ கம்பெனியிலேயே காலம் தள்ளுகிறவளுக்கு இப்படி ஒரு நிலைமை.

ஆம்பூர் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கடைசி மேஜையில் நிற்பவள் நான். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற ஷூக்களை டப்பாவுக்குள் போகுமுன் பார்த்து அனுப்புவது என் வேலை. செக்கிங் என்பார்கள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடிவதில்லை. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் ஜடை கொஞ்சம் கோணியிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் ஷேவ் பண்ணிவிட்டு வந்து நின்றால், காதுக்குக் கீழே அவர் விட்டுவிட்ட முடிதான் முதலில் தெரியும். “ஒரு நாளாவது நல்லா கீதுன்னு வாயத் தொறந்து சொல்றியா நீ?” என்பார். சொன்னதில்லை. நன்றாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

பாலே நடனம் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் மகளால். போனில் எதையோ பார்த்துவிட்டு அதைக் கற்றே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள். பெங்களூரில் படித்து வந்த ஒரு சின்னப் பெண், வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு அழைத்துப்போனேன். டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், ஆட்டோக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். என் மகள் ஒரு மாதம் போனாள். பிறகு கேரம் போர்டு மீது ஆசை திரும்பிவிட்டது.

நான்தான் போவதை நிறுத்தவில்லை. அவளை அழைத்துப்போன நாட்களில் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, “மிஸ், அந்தப் பச்ச ரிப்பன் பொண்ணுக்கு குதிகால் ஒட்டல. இந்தப் பொண்ணு முட்டிய மடக்குது” என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த மிஸ் என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். ஒரு நாள் பொறுமை போய், “அக்கா, நீங்களே வந்து ஒட்டிக் காட்டுங்களேன்” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தேன். எழுந்தவள் அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. சில வருஷங்கள் ஓடிவிட்டன. மகள் வீட்டில் கேரம் ஆடுகிறாள், நான் பிள்ளைகளோடு வரிசையில் நின்று குதிக்கிறேன்.

இப்போது மிஸ்ஸுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வெளிநாட்டில். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் படியைச் சொல்லித்தர, தேர்வில் தேறிய ஒருவர் இருந்தால் வகுப்பு நடக்கும். இல்லையென்றால் மாடியைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தத் தேர்வுக்கு நிற்கும் வயதில் அங்கே இருந்தது நான் ஒருத்திதான். அதில்தான் கால் சரி, கை இல்லை. மிஸ் கெஞ்சிக் கேட்டதில், கைக்கும் தலைக்கும் மட்டும் இன்னொரு முறை பார்க்க அந்த அம்மா ஒப்புக்கொண்டார். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. அதற்குப் பிறகு வாய்ப்பு இல்லை.

எனக்கு அந்த வகுப்பு வேண்டும். வாரம் முழுக்க மேஜைமேல் குனிந்தே நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் என் முகம் மேலே பார்க்கிறது.

கையையும் தலையையும் அசைக்கும் அந்தப் பயிற்சிக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. என் வாயில் நுழையவில்லை. கைவேலை என்றே வைத்துக்கொண்டேன். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். கை தோளிலிருந்து கிளம்பக் கூடாது, முதுகிலிருந்து கிளம்ப வேண்டும். பெரிய அண்டா ஒன்றைக் கட்டிப் பிடித்த மாதிரி வளைய வேண்டும், ஆனால் அண்டா கனக்கிறது என்று தெரியக் கூடாது. முழங்கை தொங்கக் கூடாது, கட்டைவிரல் துருத்தக் கூடாது. ஒரு கை மேலே போய்ப் பக்கவாட்டில் திறக்கும்போது இன்னொரு கை வயிற்றுக்கு முன்னால் அமைதியாக நிற்க வேண்டும். திறக்கிற கையின் பின்னால், அரை மூச்சு தாமதமாக, தலை போக வேண்டும். கண் விரல்நுனியையும் தாண்டித் தூரத்தில் நிற்க வேண்டும்.

எல்லாம் எனக்கு மனப்பாடம். செய்தால் மட்டும் வரவில்லை.

“ஏதோ ஒண்ணு வெட்டுது அக்கா” என்பார் மிஸ். “ரொம்ப அழகா போய்ட்டே இருக்கும், டக்குன்னு வெட்டுது. எங்கேன்னுதான் எனக்குப் பிடிபடல.”

தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். மூச்சை எண்ணிப் பார்த்தார். கடைசியில் ஒரு துண்டை மடித்து என் தலைமேல் வைத்து, அது விழாமல் செய்யச் சொன்னார். விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. எனக்குக் கோபம் மூக்கின் மேல். துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் வீசிவிட்டேன். பிள்ளைகள் பயந்து சுவரோடு ஒண்டிக்கொண்டன. மிஸ் போய் அதை எடுத்து, தூசி தட்டி, திரும்ப மடித்தார். அன்று பஸ்ஸில் வரும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் டிரைவர். மாதனூரைச் சுற்றிலும் இருக்கிற ஊர்களில் ஆட்களை ஏற்றிக் கம்பெனியில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். நான் ஆடுவதைப் பற்றி அவருக்குப் பெரிதாக அபிப்பிராயம் கிடையாது. ஆனால் போனில் வீடியோ எடு என்றால் எடுப்பார். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னேன்.

“நல்லாத்தான கீது” என்று போனை நீட்டினார்.

நான் விரலால் பின்னால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். இடது கை மேலே போகிறது. தலை அதன் பின்னால் போகிறது. கை திறக்கும் இடத்தில், கண் இமைக்கும் நேரத்துக்குள், தலை வலது பக்கம் ஒரு சொடுக்கு சொடுக்கிவிட்டு இடது பக்கமே திரும்பிவிடுகிறது. வெட்டுவது அதுதான். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று எனக்குப் புரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் சில தடவை ஆடினேன், சொடுக்கு போகவில்லை.

மறுநாள் காலை மேஜையில் முதல் ஜோடி வந்தது. குதிப்பக்கம் பிடித்து இரண்டையும் டியூப் லைட்டுக்குக் கீழே தூக்கினேன். இடது. வலது. மறுபடி இடது.

அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒற்றை ஷூவைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகுதான். இடதைப் பார்த்துவிட்டு வலதைப் பார்க்க வேண்டும், கண்ணில் வலது இருக்கும்போதே இடதுக்குத் திரும்ப வேண்டும். தோலின் நிறம் ஒரு பிடி கூடவோ குறையவோ இருந்தால் அந்தத் திரும்புதலில்தான் சிக்கும். ஜோடி பார்ப்பது என்போம். எங்கள் தளத்தில் என்னைப் போல் வேகமாக ஜோடி பார்க்கிறவர்கள் கிடையாது. அந்த வேகத்தைத்தான் நான் வேலூர் மாடிக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். இடது கை திறந்தால், வலது கை ஒழுங்காக இருக்கிறதா என்று கண் ஓடிப் பார்த்துவிட்டு வருகிறது.

“இன்னாக்கா, பேய் கீய் பாத்துட்டியா?” என்றாள் எதிர் மேஜைக்காரி. ஆம்பூர்க்காரி, என்னைவிடச் சின்னவள், வாய் ஜாஸ்தி. எங்களுக்கு நடுவில் ஷூக்கள் குவிந்துகொண்டிருந்தன.

“ஆமா” என்றேன். “என்னையேதான்.”

கண்ணை அடக்கப் பழகினேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்து மலையை மட்டும் பார்ப்பேன். எதிர்ப்பக்கம் என்ன சத்தம் கேட்டாலும் திரும்ப மாட்டேன். மகளுக்கு இரட்டை ஜடை பின்னும்போது இடது ஜடையை முடித்துவிட்டு, அதைப் பார்க்காமலே வலதைப் பின்னினேன். “அம்மா, ஒண்ணு மேல கீது, ஒண்ணு கீழ கீது, எல்லாரும் சிரிக்கிறாங்க” என்று சாயங்காலம் வந்து கத்தினாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அடுத்த ஞாயிறு மிஸ் கையைத் தட்டினார். “வெட்டல அக்கா! வெட்டவே இல்ல!” பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டின.

தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில்தான் சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆள் சோதனைக்கு வந்தார். கட்டி வைத்திருந்த பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து, ஒரு டப்பாவைத் திறந்து, பழுப்பு நிற ஷூ இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். இடது வெளிறியிருந்தது. வலது கருத்திருந்தது. ஒரு பிடிதான் வித்தியாசம். ஆனால் பார்த்தபிறகு பார்க்காமல் இருக்க முடியாத வித்தியாசம்.

டப்பாவில் என் மேஜையின் முத்திரை. என் முகத்தில் ஈயாடவில்லை.

“உன் டேபிள்லேர்ந்து இப்டி ஒண்ணு வந்ததே இல்லியேம்மா” என்றார் சூப்பர்வைசர். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அவரோ ‘அம்மா’ என்றுவிட்டார். மேஜையில் நின்று ஜோடி பார்க்கிறபோதும் கண்ணை அடக்கியே வைத்திருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

தப்பு ஜோடி தனியாக இருக்காது. ஒரு டப்பாவில் வெளிறிய இடதும் கருத்த வலதும் போயிருந்தால், வேறொரு டப்பாவில் கருத்த இடதும் வெளிறிய வலதும் உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை மொத்தச் சரக்கும் நிற்கும். கண்டெய்னர் திங்கட்கிழமை விடிந்தால் கிளம்ப வேண்டும்.

“ஞாயித்துக்கெழம செக்கிங் ஆளுங்க எல்லாரும் வரணும்” என்றார் சூப்பர்வைசர். “நீ கட்டாயம் வரணும்.”

“சார், அன்னிக்கு நாலு மணிக்கு எனக்கு வேலூர்ல பரீட்ச கீது.”

“இன்னா பரீட்ச?”

“டான்ஸ்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. “அந்த இன்னொரு ஜோடி கெடச்சதும் போ. கெடைக்காம போனீன்னா, அப்புறம் இந்த மேஜை உனக்கில்ல. பேக்கிங்ல போய் நின்னுக்கோ.”

கோபத்தைக் கொட்ட ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது போல் ஒரு பேஜார் கிடையாது. தப்பு என்னுடையது. வீட்டில் வந்து பாத்திரங்களை உருட்டினேன். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ரெண்டுல ஒண்ண வுட்டுடேன்” என்றார்.

“எத?” என்று கேட்டேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு, ஆடும் உடையைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். பெட்டி பெட்டியாகப் பிரித்து மேஜையில் கவிழ்த்தார்கள். இடது, வலது, இடது. இடது, வலது, இடது. பார்த்தால்தான் கிடைக்கும். பார்க்கப் பார்க்கக் கழுத்து பழைய ருசியைக் கண்டுகொண்டது. ஒவ்வொரு சொடுக்கிலும் நான் சேர்த்து வைத்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது எனக்கே தெரிந்தது. கண்ணைத் தளர்த்தினால் அந்த ஜோடி தப்பிவிடும். தளர்த்தாவிட்டால் நாலு மணிக்குத் தலை வெட்டும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்லக்கூட முடியாது. கைதான் ஓடிக்கொண்டே இருந்ததே.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. நான் போகவில்லை. எதிர் மேஜைக்காரியும் போகவில்லை. “நீ போக்கா, நான் பாத்துக்கறேன்” என்றாள்.

“என் தப்ப நான்தான் பாக்கணும்.”

“சரி, பாரு. மூஞ்சிய அப்டி வெச்சிக்காத, ஷூ பயந்துக்கப் போவுது.”

மணி ஒன்றரை. இரண்டு. பிரிக்காத பெட்டிகள் சுவரோரம் இன்னும் அடுக்கியிருந்தன. இரண்டே காலுக்குப் பிறகு நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஜோடியைத் தூக்கி, வைத்து, அடுத்ததை எடுக்கப்போன கை நின்றது. திரும்ப எடுத்தேன். இடது கருத்தது. வலது வெளிறியது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதேதான்.

எதிர் மேஜைக்காரி ஒரு கத்து கத்தினாள். சூப்பர்வைசர் ஓடிவந்து, நான்கு ஷூக்களையும் வரிசையாக வைத்து இடம் மாற்றினார். இரண்டு நல்ல ஜோடிகள் நின்றன. “போ, போ” என்றார் என்னைப் பார்த்து. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குப் பயம்தான் வந்தது. அந்தப் பழைய கண் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

வாசலில் கம்பெனி பஸ்ஸோடு வீட்டுக்காரர் நின்றிருந்தார். எதிர் மேஜைக்காரி எல்லோரையும் பஸ்ஸுக்குள் தள்ளினாள். கம்பெனி பஸ் வேலூருக்குப் போகக் கூடாது. ஆனால் ஹைவே வரைக்கும் அதன் வழிதான். ஸ்டாப்பில் ஒரு வேலூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அந்த டிரைவர் பயந்தோ கோபப்பட்டோ நிறுத்தினார். நான் இறங்கி ஓடினேன். பின்னால் பஸ் முழுக்கப் பெண்கள் கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று கேட்கவில்லை.

உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றேன். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. முன் சீட்டில் ஒரு அம்மாவின் இரண்டு கம்மல்களையும் என் கண் ஜோடி பார்த்தது. வலது கம்மலில் ஒரு கல் இல்லை. எனக்கு அழுகை வந்தது.

மாடியேறியபோது நாலு தாண்டிவிட்டது. தேர்வாளர் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளம்புகிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். மிஸ் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவசரமாக உடை மாற்றி முகம் கழுவினேன். கழுவியும் கையில் ஷூ பாலிஷ் வாசனை போகவில்லை.

மிஸ் ஸ்பீக்கரில் பியானோவைப் போட்டார். கைகளைக் கீழே வளைத்து நின்றேன். மூச்சை இழுத்தேன். இரண்டு கையும் வயிற்றுக்கு முன்னால் வந்தன. முதுகிலிருந்து இடது கை மேலே போயிற்று, தலை பின்னால் போயிற்று, கை திறக்கத் தொடங்கியது. அந்த இடம் வந்துவிட்டது. வலது கை என்ன செய்கிறது? சரியாக நிற்கிறதா? தொங்குகிறதா? ஒரே ஒரு தடவை பார்த்துவிடு, யாருக்கும் தெரியாது என்று கழுத்து கெஞ்சியது. காலையிலிருந்து அத்தனை ஜோடி பார்த்த கழுத்து அது. கழுத்து நரம்பு இழுத்ததை நான் உணர்ந்தேன்.

கெட்டால் கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விரல்நுனிக்கு அப்பால் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் வெயில் இறங்கிக்கொண்டிருந்த மொட்டை மலை. அதையே பார்த்தேன். வலது கையை யாரோ ஒருவருடைய கை என்று விட்டுவிட்டு மலையைப் பார்த்தேன். பிறகு வலது கை போனபோது இடது கையை அப்படியே விட்டேன். பாட்டு முடிந்தபோது கைகளைக் கீழே இறக்கி நின்றேன்.

தேர்வாளர் அம்மா இந்தத் தடவை மிஸ்ஸிடம் பேசவில்லை. என்னிடமே தமிழில் கேட்டார். “உங்க வலது கை தாழ்ந்து போச்சு. தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“எப்படித் தெரியாம போச்சு?”

“பாக்கல மேடம்.”

அவர் மிஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கை தாழ்றது பழகினா சரியாயிடும்” என்றார். “போன தடவை உங்க தலை வெட்டிக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கு ஒரு தடவை கூட வெட்டல. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க.”

மிஸ் என்னைக் கட்டிப் பிடித்தார். நான் மரம் மாதிரி நின்றேன். கீழே இறங்கித் தெருவுக்கு வந்தபிறகுதான் போன் அடிப்பது காதில் விழுந்தது.

“இன்னா ஆச்சு?” என்றார் வீட்டுக்காரர்.

“வலது கை தாழ்ந்து போச்சாம்.”

மெதுவாக, “போனா போவுது வுடு. நீ அழுவாத. எங்க நிக்கிற, வண்டி எடுத்துக்கினு நான் வர்றேன்” என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது.

“நீங்க எதுக்கு அவ்ளோ தூரம்? பாஸ் பண்ட்டேன்.”

“இன்னா?”

“பாஸு. வகுப்பு எனக்குத்தான்.”

“அடிப்பாவி, அத மொதல்ல சொல்ல மாட்டியா?”

எப்படிச் சொல்வேன்? குற்றம்தான் என் வாயில் முதலில் வருகிறது.

மாதனூர் ஸ்டாப்பில் இருட்டும் நேரத்துக்கு இறங்கினேன். வீட்டுக்காரர் பைக்கோடு காத்திருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஷேவ் செய்திருந்தார். இடது காதுக்குக் கீழே வழக்கம்போலக் கொஞ்சம் முடியை விட்டிருந்தார். பார்த்தேன். வலது பக்கம் பார்க்கப் போகவில்லை.

“நல்லா கீது” என்றேன்.

பைக்கை ஸ்டார்ட் செய்யப்போனவர் கிக்கரிலிருந்து காலை எடுத்துவிட்டு, திரும்பி, காய்ச்சல் அடிக்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.